வெயிலில் மட்டும் காட்டும் மனை

ஒரகடத்தில் வேலை நிரந்தரமானதும் வல்லக்கோட்டைப் பக்கம் மனை தேடினேன். வாய்த்த புரோக்கர் வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. பேச்சுக்கு நடுவே செல்போனில் அந்த வாரத்து வானிலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

புதன்கிழமை வரச் சொன்னவர், அன்று காலையிலேயே அழைத்தார். "வெப்பச்சலனமாம் சார், சாயங்காலம் இடி மழை. ஞாயித்துக்கிழமை வாங்க, நல்லா வெயில் அடிக்கும்."

"மழையிலயே பாத்துடறேனே?"

"மழையில இன்னா சார் தெரியும்? சேத்துல மிதிச்சதுதான் மிச்சம்."

எனக்கு உறுத்தியது. ஷிப்ட் முடிந்ததும், தூறல் நிற்பதற்குள், அவர் முன்பே சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து நானே போனேன். மனைக்கற்களின் தலைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. நடுவில் அவர் குடையோடு தனியாக நின்றிருந்தார். எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தே வந்தவர்போல், பேண்டை முழங்கால்வரை சீராக மடித்துவிட்டிருந்தார்.

என்னைக் கண்டு பதறவில்லை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து என் தலைக்குக் குடை பிடித்தார்.

"ஞாயித்துக்கிழமைதானே வரச் சொன்னேன் சார்?" என்றார், தவறு என்னுடையது என்பதுபோல.

நான் அந்த மனையை வாங்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் யாரும் வராத அந்த மழையில் அவருக்கு அங்கே என்ன வேலை என்பது மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.