அக்காவின் பெயர் நாகம்மா

அக்கா சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகின்ற இந்நாளில், அவருடைய பொறுமையையும் அடக்கத்தையும் போற்றி உறவினர் பலர் எழுதித் தந்திருக்கின்றனர். அவற்றை இந்த நினைவு மலரின் மற்றப் பக்கங்களில் காணலாம். அந்தப் பொறுமையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அவருடைய தங்கையாகிய நான் அவருடைய பெயரைப் பற்றி எழுதுகிறேன்.

அக்கா நெடுந்தீவில் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த ஆண்குழந்தைகள் தொட்டிலிலேயே போய்விட்டார்கள். அம்மா நயினாதீவுக்குத் தோணியேறிப் போய், ஈரச் சேலையோடு நாகபூசணி அம்மன் சந்நிதியில் விழுந்து, "ஒரு பிள்ளையை எனக்குத் தங்கவிடு தாயே, உன்ரை பேரையே வைக்கிறன்" என்று நேர்ந்துகொண்டார். அக்கா பிறந்தார், தங்கினார். வெள்ளியில் நாகபடம் சார்த்தி நேர்த்தியை நிறைவேற்றிப் பெயரும் வைத்தார்கள். நாகத்தை ஆபரணமாகப் பூண்ட தாய் என்பது அப்பெயரின் பொருள் என்று கோயில் ஐயர் சொன்னாராம். எங்களைப் பெற்ற ஐயாவுக்கு அவ்வளவு தெரியாது. "அம்மாளாச்சி தந்த பிள்ளை எண்டு அர்த்தம்" என்றுதான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வார்.

தீவுப்பகுதியில் இந்தப் பெயர் இல்லாத குடும்பம் குறைவு. பிள்ளை தங்காதவர்கள் வைத்தார்கள், கடலில் காற்றுக்கு அகப்பட்டுத் தப்பி வந்தவர்கள் வைத்தார்கள், முற்றத்தில் பாம்பைக் கண்டவர்களும் வைத்தார்கள். எங்கள் ஒழுங்கையில் நின்று "நாகம்மா" என்று கூப்பிட்டால் எத்தனையோ கல்வேலிகளுக்கு மேலால் தலைகள் தெரியும். அதனால் நெட்டை நாகம்மா, பள்ளிக்கூடத்தடி நாகம்மா என்று அடைமொழி சேர்த்துப் பிரித்துக்கொள்வோம். அக்காவுக்குச் சிரிப்பு நாகம்மா என்று பெயர். அந்தச் சிரிப்பை நெடுந்தீவார் மட்டுமே கண்டிருக்கிறார்கள்.

மழை பொய்த்து மாடுகள் செத்த வருடத்தில் அக்காவைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள். அவர் மாடு பார்த்தார், பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயவைத்தார். நான் படித்தேன். இன்று இதை எழுத்துப்பிழையில்லாமல் எழுத முடிகிறதென்றால் அதற்குக் காரணம் அவர்தான்.

தோணியேறிப் போகும் தூரத்திலுள்ள கரம்பொன் என்ற ஊரிலிருந்து சம்பந்தம் பேசிவந்தபோது மாப்பிள்ளையின் தாயாருக்கும் நாகம்மா என்றே பெயர் என்று தெரிந்தது. "பேர்ப்பொருத்தம் இதுக்கு மேலை என்ன வேணும்?" என்றார் பேசிவந்தவர். எல்லாரும் சிரித்தோம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்கு வருவது வழக்கம். சீதனமாக வீடு கட்டிக்கொடுக்க ஐயாவிடம் வசதி இருக்கவில்லை. ஆகவே அக்காதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

நாங்கள் கொண்டுபோய் விட்ட அன்றே அது நடந்தது. அத்தானின் தமக்கையார் குசினிக்குள் அடுப்படியில் நின்று, "நாகம்மா, அந்தச் செம்பை ஒருக்கால் எடுத்துத் தாரும்" என்று அக்காவைக் கேட்டார். வெளியே கதிரையில் இருந்த மாமியார் எழுந்துவிட்டார்.

"ஆரடி என்ரை பேரைச் சொல்லி வேலை ஏவுறது?"

"உங்களையில்லையம்மா, இவவை."

"இந்த வீட்டிலை ஒரு நாகம்மாதான். என்ரை பேரைச் சொல்லிச் சட்டி கழுவு, சாம்பல் அள்ளு எண்டு கூப்பிட நான் விடன்."

எங்கள் அம்மா கையைப் பிசைந்துகொண்டு, "மச்சாள், அது அம்மாளாச்சிக்கு நேர்ந்து வைச்ச பேர். மாத்த ஏலாது. வேணுமெண்டால் நாகேசு எண்டு சுருக்கிக் கூப்பிடுங்கோவன்" என்றார்.

"மாத்தச் சொல்லி ஆர் கேட்டது? உங்கடை வீட்டிலை நீங்கள் எப்பிடியும் கூப்பிடுங்கோ. இஞ்சை நெடுந்தீவாள் எண்டால் காணும்."

அத்தான் அங்கேதான் நின்றார். அவர் நல்லவர் என்று இம்மலரில் வேறொருவர் எழுதியிருக்கிறார். நல்லவர்தான். தாயின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று கற்றிருந்தார். தென்பகுதியில் கடை வைத்திருந்த அவர் அங்கிருந்து வருடத்தில் ஓரிரு முறை வரும்போது மனைவியை "இஞ்சேரும்" என்று கூப்பிடுவார். மற்றவர்கள் எல்லாருக்கும், வீட்டுக் குழந்தைகளுக்கும்கூட, அக்கா நெடுந்தீவாள். கறியில் உப்புக் கூடினால், "சுத்திவரக் கடலுக்கை இருந்து வந்தவள், வேறை என்ன செய்வாள்?" என்பார்கள்.

நான் ஒருமுறை அங்கே போயிருந்தபோது கிணற்றடியில் வைத்துக் கேட்டேன்.

"அக்கா, நீ ஏன் ஒண்டும் பேசாமல் இருக்கிறாய்?"

"பேசினால் பேரைத் திருப்பித் தரப்போகினமே, பிள்ளை?" என்றார். பிறகு வாளியைக் கிணற்றுக்குள் விட்டுக்கொண்டே, "ஒருத்தரும் இல்லாத நேரத்திலை நானே என்னை ஒருக்கால் கூப்பிட்டுப் பாப்பன்" என்றார்.

மாமியார் பாரிசவாதத்தில் விழுந்தார். அவரைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் படுக்கை துவைத்ததும் அக்காதான். மகள்மார் வந்து பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். அவர் காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று எங்கள் அம்மா, "இனி என்ரை பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம்தானே?" என்று கேட்டுவிட்டார். அத்தானின் தமக்கையார் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்த மனுசியின்ரை பேரைச் சொல்லி ஒருத்தியைக் கூப்பிடுறதோ? நல்லாயிருக்கு உங்கடை கதை!"

அந்த வருடமே அக்காவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நாகம்மா என்று பெயர் வைத்தார்கள், அப்பம்மாவின் நினைவாக. அக்காவிடம் ஒருவரும் கேட்கவில்லை. "நாகம்மா, என்ரை ராசாத்தி, வாங்கோ" என்று வீடு முழுக்க ஆசையாகக் கூப்பிட்டார்கள். முதல் நாட்களில் குசினிக்குள் நின்ற அக்கா ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார். பிறகு திரும்பவில்லை.

"உனக்குக் கோவம் வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"என்ரை பிள்ளையெல்லோ. அவளுக்கெண்டாலும் கிடைச்சுதே" என்றார்.

அடுத்த பிள்ளை வயிற்றில் நிறைமாதமாக இருக்கும்போது அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. கடுமையான பிறகுதான் எங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தவர் கரம்பொன் வீட்டில் வேலைக்கு நின்றவர். அவருக்கு அக்காவின் பெயர் தெரியாது. நெடுந்தீவில் இறங்கி, "கரம்பொனிலை இருக்கிற நெடுந்தீவாளின்ரை வீடு எது?" என்று கேட்டிருக்கிறார். கரம்பொனில் வாழ்க்கைப்பட்ட நெடுந்தீவுப் பெண்கள் எத்தனையோ பேர். வீடு வீடாக விசாரித்து அவர் எங்கள் படலைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. காற்றும் எழும்பி, அன்று தோணி ஓடவில்லை. மறுநாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். வயிற்றுப் பிள்ளையும் கூடவே போயிற்று.

கிரியைக்கு வந்த குருக்கள் அத்தானைப் பார்த்து, "பெயர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். அத்தான் நட்சத்திரத்தைச் சொன்னார். குருக்கள் மறுபடி கேட்டார். அத்தான் கையிலிருந்த தருப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தமக்கையார் நிலத்தைப் பார்த்தார். அக்காவின் தலைமாட்டில் இருந்த எங்கள் அம்மா எழுந்தார்.

"நாகம்மா!" என்றார். "நான் வைச்ச பேர். நாகம்மா!"

அந்தக் குரல் ஒழுங்கைவரை கேட்டிருக்கும். வீட்டுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்த சின்னவள் ஓடிவந்தாள். சனத்தை விலக்கிக்கொண்டு அம்மாவின் முன்னால் வந்து நின்று, "என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்று கேட்டாள். 

அக்காவுக்கு உதவியவர்களுக்கு நன்றி கூறுவது எங்கள் கடமை. மறுநாளும் அடங்காத காற்றில் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த தோணிக்காரருக்கு எங்கள் நன்றி. கரம்பொனில் பக்கத்து வளவில் இருக்கும் கத்தோலிக்கச் சகோதரி ஒருவர் கடைசி இரவு அக்காவோடு இருந்து வாயில் தண்ணீர் விட்டார். அக்காவிடமே பெயரைக் கேட்டறிந்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் விட்டார். அதற்கு அக்கா "ஓம்" என்றாராம். அச்சகோதரிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தீராது.

புகுந்த வீட்டாருக்கும் இம்மலர் அனுப்பப்படுகிறது. அவர்களுக்கு நன்றி சொல்ல எங்களால் இயலவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறோம். முன் அட்டையில் அச்சிட்டிருக்கும் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். சின்னவள் உங்களிடம்தான் வளர்கிறாள். சத்தம் கேட்டு ஓடிவந்து ஏன் கூப்பிட்டீர்கள் என்று அவள் கேட்டால், உன்னை இல்லை, உன் அம்மாவை என்று சொல்லுங்கள்.

தங்கை,
நெடுந்தீவு.