எண்பதில் கட்டிய வண்டி

டயர் கடைக்கும் சீட் கவர் கடைக்கும் நடுவே, ஒரு கார் மட்டும் நுழையக்கூடிய ஒடுக்கமான கடை அவருடையது. அந்த வரிசையில் எல்லோரும் அவரை மூளைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காரின் இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் போகட்டும், எவ்வளவு காற்று வரட்டும், எந்த வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் தீர்மானிப்பது உள்ளங்கை அகலமுள்ள அந்த அலுமினியப் பெட்டிதான். அதற்குள் புகுந்து எண்களை மாற்றி எழுதுவது அவர் தொழில். "அண்ணே, என் மச்சான் ஒருத்தன் இருக்கான், அவனுக்கும் கொஞ்சம் ஏத்தி விடுங்களேன்" என்று டயர் கடைக்காரர் தன் தலையைத் தட்டிக் காட்டிச் சொல்வார். பல வருஷமாகச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் அவரே முதலில் சிரித்துவிடுவார்.

வேலை என்னவோ பார்ப்பதற்குச் சப்பென்றுதான் இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட். அதில் கேபிளைச் செருகி லேப்டாப்போடு சேர்த்தால் திரையில் கட்டம் கட்டமாக எண்கள் வரும். கால் இவ்வளவு அழுத்தினால் இவ்வளவு திற, அவ்வளவு அழுத்தினால் அவ்வளவு திற என்று இன்ஜினுக்குச் சொல்லும் கணக்கு அது. கம்பெனிக்காரன் எல்லோருக்கும் பொதுவாக, கொஞ்சம் சாதுவாகவே எழுதி அனுப்புவான். வாங்கும் இளவட்டங்களுக்கு அது பிடிக்காது. எள் என்றால் எண்ணெயாக நிற்க வேண்டும் அவர்களுக்கு. "கால் வெச்சதும் பாயணும்ணே" என்று வருவார்கள். மூளைக்காரர் முதலில் பிரேக்கைப் பார்ப்பார், டயரைக் குனிந்து பார்ப்பார். தேய்ந்திருந்தால், "முதல்ல நிக்கக் கத்துக்கிட்டு வா, அப்புறம் ஓடலாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அப்படித் திரும்பிப் போனவர்களும் அவரைத் திட்டியதில்லை. அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அவருக்கு அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

எண்களை எழுதி முடித்ததும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கேதான் அவருக்குச் சிக்கல். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடவில்லை என்றால் வண்டி டிங் டிங் என்று மணியடிக்கும் அல்லவா, அந்த மணி அவருக்கு ஆளில்லாத சீட்டிலிருந்து கேட்டது. முதலில் லேப்டாப் பையின் கனம்தான் என்று நினைத்துப் பையைப் பின்சீட்டுக்கு மாற்றினார். அப்புறமும் கேட்டது. சீட்டுக்கு அடியில் கையை விட்டு வயரைப் பார்த்தார், கேபிளைப் போட்டும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. ஒரு வண்டியென்றால் குறை சொல்லலாம், வருகிற எல்லா வண்டியிலும் கேட்டால் யாரைக் குறை சொல்வது? கடைசியில், காலி சீட்டுக்கும் பெல்ட்டை மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பது என்று வைத்துக்கொண்டார். சீட் கவர் கடைக்காரர் ஒரு நாள் பார்த்துவிட்டு, "யாருக்குண்ணே மரியாதை?" என்று கேட்டார். "பழக்கம்" என்றார் மூளைக்காரர். 

அந்த மரியாதை அவருடைய மனைவிக்கு.

மூளைக்காரருக்கு ஒரே மகள். மருந்து கம்பெனி ஒன்றில், டவுனுக்குள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் டாக்டர்களைப் பார்க்கும் வேலையில் இருந்தாள். பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினாள். நன்றாகத்தான் ஓட்டுவாள், ஆனால் கொஞ்சம் விரட்டுவாள். ஊரார் பிள்ளைகளின் கடிவாளத்தையெல்லாம் அவிழ்த்துவிட்ட மனிதருக்குத் தன் பிள்ளை என்றதும் பயம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியைக் கழுவித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். எண்பதுக்கு மேல் போகாதபடி கட்டினார். ஆக்ஸிலேட்டரையும் மந்தமாக்கினார்; முழுக்க அழுத்தினாலும் பாதிதான் திறக்கும். கழுவவும் செய்தார். அதுவரைக்கும் அவர் பொய் சொல்லவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மனைவியிடம் மட்டும் பெருமையாகச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "நல்லதுதான். ஆனா அவகிட்ட சொல்லிடுங்க" என்றாள். தெரிந்து ஓட்டினால் அதற்குத் தகுந்த மாதிரி ஓட்டுவாள் என்பது அவள் எண்ணம். "சொன்னா அவுத்து விடச் சொல்லி உயிரை எடுப்பா" என்றார் இவர். மறுநாளும் அவள் கேட்டாள். "சொல்லிட்டீங்களா?" "சொல்றேன், சொல்றேன்." மகளே ஒரு தடவை, "அப்பா, வண்டி என்னமோ மந்தமா இருக்கு, பாருங்களேன்" என்றாள். "பெட்ரோல் சரியில்லம்மா, வேற பங்க்ல போடு" என்றார். டவுன் நெரிசலில் எண்பதை எவர் தொடுகிறார்கள்? அவளுக்குத் தெரிய வழியே இல்லை.

பெரிய ரோட்டுக்கு வண்டி முதல் தடவையாகப் போன அன்று அம்மாவும் மகளும் அம்மாவின் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்கள். நீளமான லாரி ஒன்றைத் தாண்டும்போது எதிரே பஸ் வந்தது. மகள் அழுத்தினாள். வண்டி எண்பதைத் தொட்டதும் அடங்கிவிட்டது. இறக்கத்தில் லாரியும் வேகம் பிடித்தது. பின்வாங்கி ஒதுங்குவதற்குள் லாரியின் பின்பகுதி இவர்கள் வண்டியை, அம்மா உட்கார்ந்திருந்த பக்கமாக, கிழித்துக்கொண்டு போயிற்று.

மகளுக்குத் தோள் எலும்பு மட்டும் முறிந்தது. கண் விழித்ததும் முதலில் அம்மாவைக் கேட்டாள். அப்புறம், "நான் அழுத்தினேன்பா. தரையோட அழுத்தினேன். யாரோ பின்னாடியிருந்து பிடிச்சு இழுத்த மாதிரி நின்னுபோச்சு" என்றாள். மூளைக்காரர் அவள் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, "பயத்துல அப்படித்தாம்மா தோணும். கால் பிரேக்குலயே நின்னிருக்கும். பயத்துல எல்லாமே தப்பாத்தான் தெரியும்" என்றார். அந்த வாய் அழுகிப்போக வேண்டாமா? போகவில்லை. நன்றாகத்தான் இருந்தது, சோறும் தின்றது. மறுநாள் நொறுங்கிய வண்டி நின்ற இடத்துக்குப் போய், பார்க்கிறேன் என்று சொல்லி, கம்பெனிக்காரனின் பழைய எண்களையே திரும்ப எழுதி வைத்துவிட்டு வந்தார். விசாரிக்க வந்தவர்கள் அவரிடமே அபிப்பிராயம் கேட்டார்கள். வண்டியில் குறை ஒன்றும் இல்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர் மறைத்துவிட்டார்.

ஊருக்கே வண்டி பார்க்கிற அப்பா சொன்னால் மகள் நம்பாமல் என்ன செய்வாள்? அம்மாவைத் தன் கால்தான் கொன்றது என்று முடிவு கட்டிக்கொண்டாள். வேலையை விட்டாள். வண்டிச் சாவியைத் தொடுவதில்லை. பெண் பார்க்க வந்தவர்களை, "கார் வெச்சிருக்காங்களா? அப்ப வேணாம்" என்று ஒரே பேச்சில் அனுப்பினாள். அப்பாவின் கடையில், கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தடுப்புக்குப் பின்னால் இவர். நிமிர்ந்தால் அவள் முதுகு. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, 'சொல்லிடுங்க' என்று மனைவியின் குரல் காதோரமாகக் கேட்கும். அதட்டலாக இருந்தால்கூடத் தேவலை. உப்பு வாங்கி வரச் சொல்வது போல் சாதாரணமாகக் கேட்கும். சொல்லத்தான் நினைப்பார். சொன்னால் இந்த முதுகும் எழுந்து போய்விடுமே என்று வாயை மூடிக்கொள்வார்.

இப்படி இருக்கும்போது ஒரு மத்தியான வேளையில் புதுக் காரோடு ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் மூடி போட்ட தண்ணீர் பாட்டில். ஆபீசர் என்று சொல்லாமலே தெரிந்தது. தடுப்புக்குள் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பையனுக்கு வாங்கின வண்டி. இப்பத்தான் லைசென்ஸ் எடுத்திருக்கான். எண்பதுக்கு மேல போகாம கட்டி விட்டுடுங்க. அவனுக்குத் தெரியக் கூடாது."

மூளைக்காரர் கையிலிருந்த கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தார். "அதெல்லாம் நான் பண்றதில்ல, சார்."

"என்னங்க இது! அவுத்து விடத் தெரிஞ்சவருக்குக் கட்டி விடத் தெரியாதா?"

"தெரியும். பண்ண மாட்டேன். வேகமாப் போனா கூப்பிட்டுத் திட்டுங்க. சாவியைப் பிடுங்கி வெச்சுக்குங்க."

"புள்ளையோட பாதுகாப்புக்குத்தானே கேக்கறேன்? உங்களுக்கும் ஒரு புள்ளை இருந்தா தெரியும்."

நுணலும் தன் வாயால் கெடும். அதுவரை ஒரு வாடிக்கையாளரிடமும் குரல் உயர்த்தாத மனிதர் நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"என்ன சார் பாதுகாப்பு? அவனுக்குத் தெரியாம கட்டி விட்டுட்டு நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க. அவன் ஒரு லாரியைத் தாண்டப் போவான். பாதி தாண்டினதும் எதிர்ல பஸ் வரும். அழுத்துவான் சார், தரையோட அழுத்துவான். யாரோ பின்னாடியிருந்து பிடிச்சு இழுத்த மாதிரி வண்டி நிக்கும். என்ன தப்பு பண்ணினோம்னு அவனுக்குக் கடைசி வரைக்கும் புரியாது. தன்னோட கால்தான் சதி பண்ணிடுச்சுன்னு உக்காந்து உக்காந்து செத்துட்டு இருப்பான். பக்கத்து சீட்ல இருக்கறவங்க..."

 ஆபீசர் பயந்துபோய், "சரிங்க, சரிங்க, வேணாம்னா விடுங்க" என்று பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

மகள் திரும்பி உட்கார்ந்திருந்தாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவள் முகம் நேராக அவரைப் பார்த்தது.

"அப்பா, என் வண்டியிலயும் எண்பதா?"

இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். உன்கிட்ட சொல்லச் சொல்லிட்டே இருந்தா."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அதான் கத்தினாங்களா! 'போகாதுடி, வண்டி போகாது, பின்னாடி வந்துடு'ன்னு கத்தினாங்கப்பா. எனக்கு ஓட்டத் தெரியலேன்னு பயந்து கத்தறாங்கன்னு நினைச்சு நான் இன்னும் அழுத்தினேன்."

மூளைக்காரருக்கு இது புதிது.  "இதை நீ சொல்லவே இல்லையேம்மா" என்றார்.

"எப்படிச் சொல்றது? பயத்துல எல்லாமே தப்பாத்தான் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப அம்மா சொன்னதும் என் காதுல தப்பாத்தான் விழுந்திருக்கும்னு விட்டுட்டேன். அம்மா கடைசியாப் பேசினதையே நான் நம்பலப்பா."

அவள் அழுவாள், அடிப்பாள், அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம் என்று அவர் கற்பனை செய்து வைத்திருந்த எதுவும் நடக்கவில்லை. அவள் கையை நீட்டினாள்.

"உங்க வண்டிச் சாவியைக் குடுங்க. அதுல எதாவது கட்டி வெச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல. நீ ஓட்டி ரொம்ப நாளாச்சே, நானும் கூட..."

"நீங்க வேணாம்."

தெருவில் நின்ற வண்டியில் ஏறினாள். ஒரு தடவை இன்ஜின் அணைந்தது. மறுபடி எடுத்தாள். டயர் கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, பின்னால் வந்த ஆட்டோவுக்கு வழிவிட்டு, முனையில் விளக்குப் போட்டுத் திரும்பினாள். மூளைக்காரர் முனை வரைக்கும் செருப்பில்லாமல் ஓடினார். அவள் எந்தப் பக்கம் போனாள் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. கடைக்குத் திரும்பி வந்து கூப்பிட்டால், அவள் போன் மேஜை மேலேயே அடித்தது.

அப்புறம் அவர் அன்றைக்கு ஒரு வண்டியையும் தொடவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தெருவில் போகும் ஒவ்வொரு காரின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் ஒன்று போயிற்று. அதையும் முழுக்கக் கேட்டார். வெயில் தாழ்ந்து சீட் கவர் கடைக்காரர் ஷட்டரை இழுக்கும் நேரத்தில் அவருடைய போன் அடித்தது. மனைவியின் தங்கை நம்பர். பேசியது மகள்.

"அப்பா, சித்தி வீட்ல இருக்கேன். அன்னிக்கு அம்மாவும் நானும் கிளம்பினதுக்கு இன்னிக்குத்தான் வந்து சேர்ந்தேன்."

"அந்த ரோட்டுலயா போனே?"

"வேற ரோடு ஏது?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "வழியில ஒரு லாரி. தாண்டினேன். அழுத்தினேன், போச்சு."

அவருக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல் இருந்தது. அதற்குப் பதிலாக, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். 

"வண்டியைச் சித்தப்பா கொண்டுவந்து விடுவார். நான் இங்கேயே இருந்துக்கறேன். என் துணியையெல்லாம் குடுத்து விடுங்க."

"எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டபோது போன் கை மாறிவிட்டிருந்தது. மைத்துனியின் குரல், அவர் மனைவியின் குரலே கொஞ்சம் இளமையாகக் கேட்பது போல, வந்தது.

"அத்தான், இவ என்னென்னமோ சொல்றாளே... நிஜமா?"

மூளைக்காரர் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். அதற்குப் பின்னால் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

"நிஜம்தாம்மா" என்றார்.

அந்தப் பக்கத்தில் போனை வைக்கவில்லை. அவரும் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.