இருதயம்மாளின் கொடிக்கயிறு

புதுமுகம் யாரைக் கண்டாலும் இருதயம்மாள் அத்தைக்கு ஆகாது. முப்பத்தைந்து வருடம் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றதும் எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, சூரியநெல்லிக்குக் கீழே ஒரு சின்ன அணையின் கரையில் மூன்று சென்ட் இடத்தில் தகரக்கூரை போட்டிருக்கிறார். அந்த இடத்துக்குப் பட்டயம், அதாவது பட்டா, கிடையாது. அளக்க ஆள் வந்தால் வீடு போய்விடும். அதனால் நோட்டும் பேனாவுமாக வருகிற எவனும் அவருக்கு ரெவின்யூக்காரன்தான். கொசு மருந்து அடிக்க வந்தவரிடமே அடையாள அட்டை கேட்டவர்!

போன ஐப்பசியில் பறவை பார்க்க வந்த சிவப்பிரகாஷ் வாத்தியாரை அணையின் எதிர்க்கரையில் என் ஜீப்பில் கொண்டுபோய் இறக்கினேன். மாநில எல்லையோரக் கோபாலபுரத்துக்காரர். மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, அதன்மேல் நீளத் தொலைநோக்கிக் குழாயை மாட்டி, நேராக அத்தை வீட்டைப் பார்த்துத் திருப்பினார். நிலம் அளக்கிறவர்களும் இப்படித்தான் செய்வார்கள்.

அத்தை அணைச்சுவர் மேல் ஓட்டமும் நடையுமாக வந்து குழாய்க்கு முன்னால் நின்றார்.

"அளக்கணும்னா என்னைய மொதல்ல அள. ஏலே ரிஜோ, நீயா இவனக் கூட்டியாந்த?"

"அளக்க வரலீங்கம்மா," என்றார் வாத்தியார். "உங்க துணிக்கொடில ஒரு குருவி உக்காந்திருக்குதுங்க. நீங்களே பாருங்க."

அத்தை ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். வருடாவருடம் ஐப்பசியில் வருகிற நீலக்குருவி. காலையில் பால் விடாத கட்டன்சாயா குடிக்கையில் அவருக்குப் பேச்சுத்துணை அதுதான். முகம் மலர்ந்துவிட்டது.

வாத்தியார் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்தப் பக்கம் அபூர்வமுங்க. ஃபோட்டோ போட்டா ஊரே திரண்டு வரும். கவர்மென்டே இந்த எடத்தப் பாதுகாக்குமுங்க."

"பாதுகாத்தா நான் எங்க போவேன்?"

அத்தை கல்லை எடுத்து வீசினார். அது தண்ணீரில்தான் விழுந்தது, ஆனாலும் குருவி பறந்துவிட்டது.

"இப்ப எழுதிக்க, இங்க ஒண்ணுமில்லன்னு."

அத்தை திரும்பிப் போகும்போது அழுதுகொண்டே போனார். எனக்கு மனசே சரியில்லை.

மறுநாளும் வாத்தியாரை அழைத்துப் போனேன். தூறலில் அத்தை வீட்டுக் கொடி நிறையச் சேலையும் கம்பளியும் தொங்கின. அரைநாள் குழாயில் பார்த்துவிட்டு வாத்தியார் வெறும் நோட்டோடு கிளம்பினார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு அத்தை வீட்டுப் பின்பக்கம் போனேன். ஈரச் சேலைகளுக்கு இந்தப் பக்கம், எதிர்க்கரைக்குத் தெரியாத மறைவில், துவைகல்லின் மேல் குருவி உட்கார்ந்திருந்தது. அத்தை என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். பிறகு குருவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"எவன் கண்ணுலயும் படாம இரு தாயி. அப்பத்தான் நாம ரெண்டு பேரும் இங்கன இருக்க முடியும்."