ஆறாம் மாடி வாசலில் ஐந்து சோடிச் சப்பாத்து

சப்பாத்துக் கயிற்றை ஒழுங்காகக் கட்டாமலே ஆறு மாடியும் இறங்கி, பாரிசின் லா சப்பல் தெருவில் நடந்துகொண்டிருக்கிறேன். வாடகைக்கு வீடு காட்டிய பிள்ளை, முகவர் நிலையத்தில் வேலை செய்கிற, இங்கேயே பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. வாசலில் நான் குனிந்ததும், "பரவாயில்லை அங்கிள், சப்பாத்தோட வாங்கோ" என்றது. கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். வாடகையைச் சொன்ன கையோடு, "எங்கட ஆக்கள் இப்ப வாடகை குறைஞ்ச திரான்சிப் பக்கம்தான் பாக்கினம்" என்று ஆறுதலும் சொன்னது.

"நான் இஞ்சை இருந்தனான், பிள்ளை."

அது நம்பவில்லை. நம்பாததிலும் நியாயம் உண்டு. கீழே முருங்கைக்காயும் நகைக்கடையும் கொத்துரொட்டிச் சத்தமும் எங்களுடையவை. மேலே யன்னல்களில் நாங்கள் இல்லை. கடைக்காரர்களே இரவில் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு புறநகரான லெ பிளாங்-மெனிலுக்குப் போய்த்தான் படுக்கிறார்கள்.

அந்த வீட்டின் புதுப் பெயின்ற் மணத்துக்குள் எனக்கு மட்டும் அடிப்பிடித்த பால் மணத்தது. நான் இருந்த காலத்தில் அந்த மாடியில் மூன்று சின்ன அறைகள். நடு அறை ரட்ணம் அண்ணையின் பெயரில் இருந்தது. வீட்டுக்காரன் ஒருவருக்கென்று கொடுத்தான். நாங்கள் ஐந்து பேர் படுத்தோம். அண்ணையின் சட்டம் ஒன்றுதான்: சப்பாத்துகளைக் கழற்றிப் பையில் போட்டு உள்ளே கொண்டுவர வேண்டும். வெளியே ஒரு சோடிக்கு மேல் தெரியக்கூடாது.

கடைசியாக வந்து சேர்ந்தவன் நான். எட்டாம் வகுப்போடு கிளம்பி நாலு நாட்டில் நிலத்தில் படுத்தவனுக்குக் கதவுள்ள அறை பெரிய விசயம். பால் காய்ச்ச வேண்டுமென்று நின்றேன்.

"வாடகை அறைக்குப் பால் காய்ச்சிற முதல் மடையன் நீதானடா" என்றார் அண்ணை.

"வீடெண்டால் வீடுதானே, அண்ணை. இண்டைக்கு எல்லாரும் சப்பாத்தை வெளியிலை விடுங்கோ."

சிரித்துக்கொண்டே விட்டார்கள். பால் பொங்கி, அடுப்பில் ஊற்றி, புகைந்து மணத்தது. மணத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்த வீட்டுக்காரன் கதவைத் தட்டவில்லை. நிலத்தைப் பார்த்தான். அது போதுமாக இருந்தது. ஒரு கிழமைக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்றான்.

பிழை என்னுடையது என்று எவரும் சொல்லவில்லை. நானும் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அவன் கண்ட பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? அந்தக் கிழமை முழுக்க ஐந்து சோடியையும் வாசலில் வரிசையாக வைத்தோம். வீட்டுக்காரன் தாண்டித் தாண்டித்தான் போனான். அந்த ஏழு நாளும்தான் நான் பாரிசில் மறைவில்லாமல் குடியிருந்த முதல் நாட்கள்.

கடைசி நாள் பைகளோடு இறங்கும்போது அண்ணை கேட்டார்: "இனிச் சப்பாத்தை எங்கை கழட்டப் போறாய்?"

அன்றிரவு தெரிந்தவர் ஒருவரின் கடைப் பின்னறையில் படுத்தேன். விடிய, கூலிக்கு ஆள் ஏற்றும் வான் வண்டியில் ஏறினேன். அது சுற்றி வந்து அதே கட்டடத்தின் முன் நின்றது. மூன்று அறையையும் ஒன்றாக்கச் சுவர் இடிக்கிற வேலை. சம்மட்டியைத் தந்தார்கள், நடு அறையின் சுவரை நானே கேட்டு வாங்கி இடித்தேன். மத்தியானம், இடிந்த கல்லின்மேல் இருந்து பாண் சாப்பிடுமுன், என் சப்பாத்தைக் கழற்றி அதே வாசலில் வைத்தேன்.