இடது பின் சக்கரம்

என் மூத்த மருமகளைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊசி என்றுதான் சொல்வார்கள். கார்களுக்குச் சீட் கவர் தைக்கிறவள். வாயும் அப்படித்தான், குத்தினால் மறுபக்கம் வரும். என் மூத்தவன் கார் மெக்கானிக். அவள் கடைக்கு இரண்டு கடை தள்ளி அவன் பட்டறை. ஒரு காரின் சீட்டைக் கழற்றிக் கொடுக்கப் போனவன் திரும்பத் திரும்பப் போனான். கழற்றுவதற்குச் சீட்டே இல்லாத நாளிலும் போனான். கடைசியில் நான்தான் போய்ப் பெண் கேட்டேன்.

"உங்க பிள்ளை கை பூரா கிரீஸ். என் துணியைத் தொடக்கூடாதுன்னு சொல்லி வைங்க, கட்டிக்கிறேன்" என்றாள்.

அதற்கப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அவன் அவள் கடைப் படி ஏறியதே இல்லை. அவ்வளவு சாதுவான பிள்ளை. குரலை உயர்த்திப் பேசி நானே கேட்டதில்லை. அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பெண்டாட்டியிடம் கத்தினான். அதுவே அவன் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சாகப் போயிற்று. அதை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாட்டைத்தான் சொல்கிறேன்.

வீட்டில் ஒரு பழைய கார். அதற்குப் போட வேண்டுமென்று யாரோ கழற்றிப் போட்ட அலாய் வீல் நான்கை வாங்கி வந்து, துடைத்துப் பாலிஷ் போட்டுப் பின்னறையில் அடுக்கியிருந்தான். "படுக்க இடமில்ல, சக்கரத்துக்கு ஒரு ரூமு" என்று இவள் சொல்வாள். அவன் சிரிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வாசலில் ஜாக்கி போட்டுத் தூக்கினான். உச்சிவேளைக்குப் பார்த்தால் வண்டி பழைய சக்கரத்தோடு கீழே நிற்கிறது. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்.

விடுதியில் இருந்த மகளை அன்றைக்கு அழைத்து வரவேண்டும். இவள் சாவியை எடுத்தாள். அவன் எழுந்து வந்து கையிலிருந்து பிடுங்கினான்.

"சாவியைத் தொடாதே. பஸ்ல போ."

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல். அவளா சும்மா இருப்பாள்? "உங்க வண்டியை நீங்களே கட்டிக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடென்று நடந்தாள். மகளோடு திரும்பி வந்தபோது வாசல் நிறைய ஆட்கள். நெஞ்சு வலி, போய்விட்டான். சாவி சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

எல்லோரும் அழுது ஓய்ந்தார்கள். அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை, அந்த ஒரு கேள்வி குறுக்கே நின்றது. என் கையிலிருந்து ஏன் பிடுங்கினார் அத்தை, நான் என்ன கேட்டேன் என்பாள். வண்டிக்கு முரட்டுத் துணியில் ஓர் உறை தைத்துப் போர்த்தினாள். அந்த நட்டெல்லாம் அவன் கையால் முறுக்கியது, ஒருத்தரும் ஸ்பேனர் வைக்கக் கூடாது என்று உத்தரவு. வண்டியில் அவள் ஏறவும் இல்லை, விற்கவும் இல்லை.

இப்போது மகளுக்குப் படிப்பு முடிந்து வெளியூரில் வேலை கிடைத்தது. அப்பா வண்டியில்தான் போவேன், அந்த அலாயும் போட்டுத்தான் போவேன் என்று நின்றாள். பிடிவாதத்துக்கு அவள் வெளியே போய்ப் படிக்க வேண்டியதில்லை. இவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, பிறகு தானே போய் உறையை உருவினாள்.

வேலைக்கு வந்தது என் மகனுடைய கூட்டாளி, லேத்துக்காரன். அலாய் வீல் நடுவில் தடிமனாக இருக்குமாம். சக்கரத்தைப் பிடிக்கிற ஸ்டட், அந்த மரை போட்ட கம்பி, பழைய நீளத்தில் இருந்தால் நட்டுக்குப் பிடிமானம் போதாது. அதனால் பழையதைச் சுத்தியலால் பின்னால் தட்டி எடுத்துவிட்டு, நீள ஸ்டட்டைப் பின்பக்கமாக நுழைத்து, வாஷர் வைத்து நட்டை முறுக்கி முறுக்கி இழுத்து உட்கார வைக்க வேண்டும். மூன்று சக்கரம் முடித்தான். ஒவ்வொரு அடிக்கும் இவள் உள்ளே தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது பின் சக்கரத்துக்கு வந்ததும் சத்தம் நின்றது.

"தங்கச்சி, இங்க வா. நட்டு இறுகித்தான் இருக்கு. சக்கரம் ஆடுது."

"இறுகினா எப்படிண்ணே ஆடும்?"

அவன் கழற்றிக் காட்டினான். அந்தச் சக்கரத்தில் மட்டும் ஏற்கெனவே நீள ஸ்டட். என் மகன் அன்று காலையில் போட்டது. நான்கு ஸ்டட்டில் மூன்று முழுதாக உட்கார்ந்திருந்தன. நான்காவது பாதியில் நின்றது. அதற்குமேல் இழுக்கக் கையில் பலமில்லை. பின்னறையிலிருந்து அலாயை உருட்டி வரவும் முடியவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் கிடந்த பழைய சக்கரத்தையே மாட்டி, முனை மூடிய பழைய நட்டையே போட்டிருக்கிறான். நீள ஸ்டட்டின் முனை மூடியில் போய் இடித்துக்கொள்ளும். நட்டு இறுகின மாதிரி நிற்கும், சக்கரத்தைப் பிடிக்காது.

"அன்னைக்கு வண்டியை எடுத்திருந்தீன்னா பெரிய ரோட்டுக்குப் போறதுக்குள்ள சக்கரம் தனியா ஓடியிருக்கும்" என்றான் லேத்துக்காரன்.

இவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். வாங்கி வைத்துக்கொண்டு குடிக்கவில்லை.

"சக்கரம் சரியில்லன்னு சொல்லியிருந்தா ஏன்னு கேட்டிருப்பேன். உடம்பு முடியலன்னு சொல்லியிருப்பாரு. முடியலன்னு சொல்லியிருந்தா நான் பஸ் ஏறியிருப்பேனா அத்தை?"

பேத்தி மட்டும், அப்பாவுக்கு அது தெரிந்ததா, தெரியாமல் கோபத்தில் பிடுங்கினாரா, யாருக்குத் தெரியும் பாட்டி என்றாள். படித்த பிள்ளை, அப்படித்தான் பேசும். தெரிந்துதான் பிடுங்கினான். பெற்றவள் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது.

பாதியில் நின்ற ஸ்டட்டைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுகிறேன் என்று லேத்துக்காரன் சுத்தியலை எடுத்தான்.

"அதை எடுக்காதீங்க அண்ணே. மிச்சத்தை நான் இழுக்கிறேன்."

அவன் மரை கெடவில்லையா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கொடுத்தான். சீட் கவர் தைக்கிற கை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். அது கிறீச்சென்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் உட்கார்ந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

புது ஸ்டட் போட்டால் கொஞ்ச தூரம் ஓடியபிறகு நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும் என்று லேத்துக்காரன் சொல்லிவிட்டுப் போனான். மகள் கிளம்பிய காலையில் இவளும் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். போகிற வழியில் சாலையோரம் நிறுத்தச் சொல்லி, நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தாளாம். மகளை அனுப்பிவிட்டுப் பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

உள்ளங்கை முழுக்கக் கிரீஸ் கறுப்பு. சோப்பை எடுத்து நீட்டினேன்.

"இருக்கட்டும் அத்தை" என்றாள். அன்றைக்கு அவள் துணியைத் தொடவில்லை.