பஸ்ரியன் கொண்டுபோன இரத்தம்

என் தம்பி பஸ்ரியனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவனுடைய தலைக்கனத்தைத்தான் சொல்ல வேண்டும். பேசாலையில் மீன் பெட்டி கட்டுவதில் அவனை வெல்ல ஆளில்லை. அதை ஊர் சொல்லுமுன் அவனே சொல்லிவிடுவான். பத்தொன்பது வருடமாகக் கடற்கரை வாடியில் ஐஸ் இடித்து, அறுக்குளாவையும் பாரையையும் அடுக்கி, கொழும்புக்கு லொறியேற்றுகிறவன். "யசிந்தாக்கா, என்ரை பெட்டியைத் திறந்தால் மீன் முழிச்சுப் பார்க்கும்" என்பான். அவன் கட்டிய பெட்டி ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. அதுவும் உண்மைதான்.

அவனுடைய மூத்த பிள்ளை ஐந்தாம் மாதத்தில் சளியில் போய்விட்டான். இரண்டாவது டிலோஜன். அவனுக்கும் நாலாம் மாதத்தில் அதே இழுப்பு வந்ததும் ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாய்க்குள் வெள்ளை படர்ந்து பால் குடிக்க மாட்டான். மருந்துக்கு ஒரு கிழமை அடங்கும், பிறகு பழையபடி தொடங்கும். ஆசுபத்திரியில் பிள்ளைகளுக்கான டொக்டர் அம்மா மூத்தவன் இறந்த கதையைக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், இடையில் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"கிருமியோடை சண்டை பிடிக்கிற அணுக்கள் பிள்ளையின்ரை ரத்தத்திலை இருக்கோ எண்டு எண்ணிப் பார்க்கோணும். இருந்தால் இஞ்சையே மருந்து குடுத்துப் பார்க்கலாம். இல்லாட்டில் உடனை கொழும்புக்கு அனுப்போணும், சாதாரணச் சளிகூட இவருக்கு ஆபத்து" என்றார். எண்ணுகிற மெசின் கொழும்பில்தான் இருக்கிறதாம். அணுக்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். காலையில் எடுத்தால் அன்றைக்கே நாலு மணிக்கு முன் கொடுக்க வேண்டும்.

தாய் கிறிஸ்ரினா பிள்ளையோடு தனி அறையில் இருந்தாள். நீர்கொழும்பில் ஆறு வருடம் தையல் தொழிற்சாலையில் வேலை செய்ததால் எனக்குச் சிங்களம் தெரியும். ஆகவே தம்பியோடு நான் போனேன். பிள்ளைக்கு நாலு இடத்தில் குத்தித்தான் அந்தச் சிறு குப்பியில் இரத்தம் எடுத்தார்கள்.

"ஐஸ் மட்டும் வைக்கக் கூடாது அண்ணா. குளிர் பட்டால் எண்ணேலாது. சேட்டுப் பையிலை வைச்சாலே காணும்" என்றாள் நேர்ஸ். தம்பி தலையாட்டினான். ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவனை யாரோ அவமதித்த மாதிரி இருந்தது.

பஸ்ஸில் ஏறியதும் முணுமுணுத்தான். "ஐஸ் இல்லாமல் ஒரு சூடை மீன்கூட மதவாச்சி தாண்டாது."

"வாயைப் பொத்திக்கொண்டு இரு" என்றேன்.

வெயில் என்றால் அப்படியொரு வெயில். பஸ் தகரம் கொதித்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேட்டுப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "அக்கா, சுடுகுது."

"உன்ரை நெஞ்சுதான்டா சுடுகுது. சும்மா இரு."

புத்தளத்தில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டினார்கள். நான் முகம் கழுவ இறங்கினேன். திரும்பி வரும்போது அவன் மடியில் எங்கள் பயணக் கைப்பையை அணைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தான். அவன் புறுபுறுக்காமல் இருந்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், மண்டையில் உறைக்கவில்லை. சிலாபம் வரும்போது என் காலில் தண்ணீர் சொட்டியது.

"என்னடா இது?"

"தண்ணிப் போத்தல்."

கைப்பையைப் பறித்துத் திறந்தேன். மீன் கடையில் வாங்கிய ஐஸை இடித்து, கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, நடுவில் குப்பி. அழகாகத்தான் கட்டியிருந்தான், பாவி.

"அட கோதாரி! உனக்கென்ன விசரேடா?" நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ரத்தம் கறுத்துக்கொண்டு வந்ததக்கா. கண்ணாலை கண்டனான். சாகப்போகுது எண்டு கை தானாய் ஐஸைப் போட்டுது" என்றான். ஐஸை யன்னலால் கொட்டிவிட்டு, குப்பியை என் உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். அது சில்லென்றிருந்தது.

ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்றே முக்கால். கண்ணாடி போட்ட ஓர் அலுவலர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டார், சொன்னேன். ஐஸில் வைத்தீர்களா என்று கேட்டார். நான் தம்பியைப் பார்த்தேன்.

"இல்லையெண்டு சொல்லு" என்றான். "இன்னொருக்கா அந்தப் பிள்ளையைக் குத்தவோ? சொல்லக்கா!"

நான் பெரிய நீதிக்காரி என்று நினைக்க வேண்டாம். பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். இல்லை என்ற சிங்களச் சொல் பாதி வெளியே வந்துவிட்டது. அதற்குள் தம்பி மேசையில் கையை ஊன்றினான்.

"ஐஸ் தெம்மா, மாத்தையா. மம தெம்மா."

மீன் சந்தையில் பொறுக்கிய சிங்களம். ஐஸ் போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று சின்னப் பிள்ளை போல அழுதான். அலுவலர் ஏசவில்லை. இதை எண்ண முடியாது, புதிதாக எடுத்து வாருங்கள் என்று படிவத்தில் எழுதித் தந்தார். திரும்பி வந்த வழியெல்லாம் எனக்கு வாயில் வந்ததையெல்லாம் அவனுக்குச் சொன்னேன்.

அடுத்த நாள் டிலோஜனுக்குக் காய்ச்சல் ஏறியது. அதற்கடுத்த நாள்தான் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். கிறிஸ்ரினா பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, புருசனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஐந்தாவது குத்துக்குத்தான் இரத்தம் வந்தது. இந்த முறை அவன் தனியாகப் போனான். குப்பி சேட்டுப் பைக்குள், மேலே கை. தேத்தண்ணிக்குக்கூட இறங்கவில்லையாம்.

அவன் போய்வந்த மூன்றாம் நாள் முடிவு வந்தது. அந்த அணுக்கள் இல்லையென்றே சொல்லலாம் என்றார் டொக்டர் அம்மா. அன்றைக்கே அம்புலன்சில் பிள்ளையைக் கொழும்புக்கு ஏற்றினார்கள். இப்போது அங்கே கண்ணாடி அறையில் இருக்கிறான். காய்ச்சல் விட்டிருக்கிறது. எலும்புக்குள் இருக்கிற மச்சையை யாரிடமிருந்து எடுத்து ஏற்றலாம் என்று எங்கள் எல்லாருடைய இரத்தத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன ஞாயிறு அந்தக் கண்ணாடிக்கு வெளியே நிற்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன். "ஏன்டா, அந்த ஐஸ் ரத்தத்தைக் குடுத்திருந்தாலும் அணு இல்லையெண்டுதானே வந்திருக்கும்? ரெண்டு நாளும் மிச்சம், பிள்ளைக்கு ஊசியும் மிச்சம்."

"ஓம், இல்லையெண்டுதான் வந்திருக்கும்" என்றான், பிள்ளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது ஐஸாலை வந்த பிழை, பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டு நம்பி, ஆருக்கும் சொல்லாமல் பிள்ளையை வீட்டை கொண்டு போயிருப்பன் அக்கா."