பார்த்துவிட்டுச் சொல், ஆத்தா

என் மகள் விமானத்தைத் தரையிலிருந்து கிளப்புவதற்கு முன்பே தோற்றுவிட்டாள். அது நிஜ விமானம்கூட இல்லை. விமானி உட்காரும் இடத்தை அச்சாகச் செய்து, ஆடவும் சாயவும் வைத்திருக்கிற ஒரு பெட்டி. சிமுலேட்டர் என்பார்கள். வேலைக்கு எடுத்த கம்பெனி அதற்குள் உட்கார வைத்துத்தான் பரீட்சை வைக்கும்.

கிளம்புவதற்கு முன்னால் விமானிகள் இருவரும் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு கேள்வியும் பதிலும் சொல்ல வேண்டுமாம். அதற்குச் செக்லிஸ்ட் என்று பெயர். ஒருவர் வாசிக்க, மற்றவர் அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்து அது இருக்கிற நிலையைச் சொல்ல வேண்டும். இறக்கையின் பின்பக்கம் இறங்குகிற தகடு ஒன்று உண்டு, ஃபிளாப். அதை இறக்காமல் ஓடினால் விமானம் எழும்பாமலே போகலாம். பரீட்சை வைத்த கேப்டன், இவள் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதன் லீவரைச் சத்தமில்லாமல் மேலே தள்ளி வைத்துவிட்டார். பிறகு அட்டையைப் பார்த்து, "ஃபிளாப்?" என்று கேட்டார். இவள் "ஃபைவ், செட்" என்றாள்; ஐந்தாம் நிலையில் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். லீவர் பக்கம் திரும்பவே இல்லை. வேகம் கொடுத்ததும் எச்சரிக்கை மணி அலறியிருக்கிறது.

"உனக்கு ஞாபகசக்தி அதிகம்மா. அதுதான் உன் வியாதி" என்றாராம் கேப்டன். இன்னொரு பரீட்சை உண்டு. அதிலும் தவறினால் வேலை இல்லை. நடுவில் கிடைத்த லீவில் போடிக்கு வந்து இறங்கினாள்; முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பு என்றால் ஒப்பிப்பதுதான். வாய்ப்பாடு, செய்யுள், விஞ்ஞானம் எல்லாமே கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க வேண்டும். புத்தகத்தை எட்டிப் பார்த்தால் அடி. அப்படி ஒப்பித்துத்தான் என் மகள் வகுப்புக்கு வகுப்பு முதலாவதாக வந்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே வாய் முந்திக்கொண்டு பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

விமானி உட்காரும் இடத்தின் படம் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். அதைச் சுவரில் ஒட்டி, முன்னால் நாற்காலி போட்டுக் காலையிலிருந்து பழகினாள். படத்தில் எல்லாம் எப்போதும் சரியாகத்தானே இருக்கும்? பார்த்தாலும் ஒன்றுதான், பார்க்காவிட்டாலும் ஒன்றுதான். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தூக்கத்துலயும் அதையேதான் முணுமுணுக்குறா. எனக்குப் பயமா இருக்குங்க. புள்ளைய வெளிய கூட்டிட்டுப் போங்க."

எனக்குச் சோலி ஜீப் ஓட்டுவது. காலையில் போடியிலிருந்து ஏலக்காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு என்கிற மலைப்பாதை ஏறி எஸ்டேட்டில் விடுவேன். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவேன். மகளை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டேன். விஷயம் ஜீப் முழுக்கத் தெரிந்திருந்தது. ராசிங்காபுரத்திலிருந்து வருகிற அக்கா ஒருத்தி பின்னாலிருந்து ஆறுதல் சொன்னாள்: "விடு தாயி, யானைக்கும் அடி சறுக்கும்."

"எக்கா, நீ தேவாரம் பக்கம் வந்து பாரு," என்றாள் இன்னொருத்தி. "சறுக்குன யானையும் சோளத்தைத் தின்னுட்டுத்தான் போகுது!"

ஜீப் குலுங்கச் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

பெண்கள் காட்டுக்குள் போனபின் சாயங்காலம்வரை ஜீப் சும்மா நிற்கும். அதையே விமானமாக்கினோம். கியர் கம்பிதான் ஃபிளாப். ஹேண்ட்பிரேக்குக்கு ஹேண்ட்பிரேக்கே. லைட்டு, வைப்பர், கண்ணாடி, கதவு என்று ஒவ்வொன்றுக்கும் விமானத்தில் உள்ள ஒன்றின் பெயரை வைத்தாள். நான் அட்டையை வாசிக்க வேண்டும், அவள் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். முதலில் தடுமாறினேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. நான் கேட்டு முடிப்பதற்குள் அவள் பதில் வரும், அவள் முடிப்பதற்குள் என் அடுத்த கேள்வி. பஜனை மாதிரி ஓடியது. தண்ணீர் குடிக்க வந்த அக்கா நின்று கேட்டுவிட்டு, "அப்பனும் மகளும் நல்லாத்தான் பாடுறீக. தாளத்துக்கு ஆள் வேணுமா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கேலி எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் சக்கரங்களுக்குப் பின்னால், ஒரு முழம் இடம் விட்டு, பெரிய கல்லாகப் போட்டு வைத்தேன். ஜீப் சரிவில் நின்றது. அவள் கண்ணாடியைத் திருத்திக்கொண்டிருந்தபோது கியரை நடுவில் போட்டேன். ஹேண்ட்பிரேக்கை மெல்ல இறக்கி, காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பிறகு வரிசையாகக் கேட்டேன்.

"பார்க்கிங் பிரேக்?"

"செட்."

காலை எடுத்தேன். ஜீப் பின்னால் உருண்டு கல்லில் 'தொம்' என்று மோதி நின்றது.

அவள் இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "நூத்தம்பது பேரை உக்கார வச்சுக்கிட்டு இப்படித்தானப்பா சொல்லுவேன்?" என்றாள். "தெரியாம சொல்லல. பாத்த மாதிரியே இருக்கு எனக்கு. சத்தியமா பாத்த மாதிரியே இருக்கு."

ஏலச்செடிகளுக்கு நடுவே பனி இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை அழுது ஓயட்டும் என்று இருந்தேன். அவள் அட்டையைத் தூக்கிப் பின்சீட்டில் எறிந்தாள். "வேணாம்பா. நான் லாயக்கில்ல. போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

அட்டை என் கையில் இல்லை. அதை எடுக்கப் பின்னால் போனால் அவள் இறங்கி நடந்துவிடுவாள் என்று பயம். பதற்றத்தில் வாய்க்கு வந்தபடி கேட்டேன். "ஏ ஆத்தா, அந்தக் கம்பி எங்கிட்டு கெடக்கு?"

"எந்தக் கம்பி?"

"அதான், உன் ரெக்கை மடக்கு."

திரும்பிப் பார்த்தாள். "நடுவுல கெடக்கு."

"நடுவுல கெடந்தா பறக்குமா?"

"பறக்காது."

"சரி, பின்னால கதவு என்ன செய்யுது?"

மறுபடி திரும்பிப் பார்த்தாள். "தொறந்து கெடக்கு."

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. இங்கிலீஷ் கேள்விக்கு அவள் வாயில் பதில் தயாராக இருந்தது. என் பேச்சுக்கு இல்லை. நான் ஒரு தடவை கேட்ட மாதிரி மறுதடவை கேட்கமாட்டேன். எங்கள் ஊர்ப் பேச்சுக்கு அது வராது. அதனால் அவள் கண் போய்த்தான் ஆக வேண்டும். மிச்ச நாளெல்லாம் அப்படியே கேட்டேன், வைதும் கேட்டேன். பாதி சரியாக வந்தது, பாதி பழைய வேகத்தில் நழுவியது. கிளம்பும் அன்று காலையிலும் ஒரு தவறு விட்டாள். பஸ்சில் ஏறும்போது அம்மாவைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அங்கே இங்கிலீஷில்தானே கேட்பார்கள்?

பரீட்சை அன்று சாயங்காலம் பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மெட்டில் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கிற வளைவு ஒன்றுதான் உண்டு. அங்கே ஓரம் கட்டினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. போன் அடித்தது.

"அப்பா, மறுபடி லீவரை மேல தள்ளி வச்சிருந்தாரு. பாத்தேன். 'நாட் செட்'னு சொல்லி நிப்பாட்டிட்டேன்."

"அப்ப பாஸா, ஆத்தா?"

"அது பாஸுப்பா. பின்னால இஞ்சின் ஒண்ணை அணைச்சாரு. அதுல திணறிட்டேன்." அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "வெளிய அனுப்பல. இன்னும் பழகணுமாம். கடைசியா இன்னொண்ணு வைப்பாகளாம்."

"சாப்டியா?" என்று கேட்டேன்.

போனை வைத்தபின் சாவியைத் திருப்ப விரல் வரவில்லை. ஜீப்புக்குள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இன்னும் இறங்க வேண்டிய வளைவுகள் கிடந்தன, பனி ரோட்டை மூடிக்கொண்டு வந்தது, அவரவர் வீட்டில் உலை வைக்க வேண்டும். ராசிங்காபுரத்து அக்கா முன்னால் குனிந்து சொன்னாள்: "நடுக்கம் நிக்கட்டும்ண்ணே. நாங்க இருக்கோம்."

கீழே போடியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.